மூன்று நாள் தாமதமாக வந்த குரல்

ரயில் ஒரு நிமிஷம் பிந்தினாலே நிலைய அதிகாரி தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்கிற நாடு அது. அந்த நாட்டின் மேற்குக் கரையில், கடலுக்கும் முள்ளங்கித் தோட்டங்களுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற கொஷிஹாமா என்ற ஊரில், ஒரு பெண்ணின் பாட்டு மூன்று நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், நாட்காட்டியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அந்தத் தாமதத்துக்குத் தக்கபடி தங்கள் சாப்பாட்டு வேளையை மாற்றிக்கொண்டார்கள்.

பெண்ணின் பெயர் ஃபுயுமி, வயது இருபது. கூச்சம் என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கூச்சம் மாதிரி அல்ல. நூடுல்ஸ் கடையில் அவள் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றால், வந்ததையே சாப்பிட்டுவிட்டு இரண்டு தடவை நன்றி சொல்லிவிட்டு வருவாள். ஒருமுறை நான்காவது பேருந்து நிறுத்தத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மசுயோ அம்மாளிடம் போய் உட்கார்ந்தாள். "போதுமா?" என்று மசுயோ கேட்க, போதும் என்று சொல்ல ஃபுயுமிக்கு வாய் வரவில்லை, மசுயோ இன்னும் கொஞ்சம் வெட்டினாள், மறுபடி கேட்டாள், மறுபடி வெட்டினாள், கடைசியில் அந்தப் பெண் கடலோரக் காவல்படைக்குத் தேர்வானவள் போல வீட்டுக்குப் போனாள்.

அவளுடைய அப்பா தொகுஸோ இதற்கு நேர் எதிர். மூன்றாம் எண் பேருந்தை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவர். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தால், அடுத்த நிறுத்தத்தின் பெயரோடு அங்கே இன்றைக்கு மீன் என்ன விலை, யார் வீட்டில் பிரசவம், எந்தச் சுவரில் பூனை படுத்திருக்கிறது என்பதுவரை சொல்லித்தான் வைப்பார். ஆனால் அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட, பனி கொட்டிய நாளிலும்கூட, அவர் வண்டி பிந்தியதில்லை. அம்மாவுக்குக் கப்பல் சமையலறையில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவாள் என்பதால், வீட்டில் பேச்சு முழுவதும் அப்பாவுடையது, மௌனம் முழுவதும் மகளுடையது.

துறைமுகத்துப் பக்கத்திலிருந்த பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிற வேலையை ஃபுயுமி கேட்டு வாங்கிக்கொண்டாள், பேருந்துகள் பதில் எதிர்பார்ப்பதில்லை என்பதால். பயணிகள் மறந்துவிட்டுப் போகிற பொருட்களை எடுத்து அலமாரியில் வைப்பதும் அவள் வேலைதான். குடைகள், ஒற்றைக் கையுறைகள், பல்செட் ஒன்று, ஒருமுறை ஒரு கிதார். ஆறு மாதம் யாரும் தேடி வராததால் கிதாரை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். அவள் தானே அதைப் பழகினாள், தானே வரிகள் எழுதினாள், நோட்டுப் புத்தகம் நிறைந்தது, ஆனால் எழுதியதில் ஒரு வரியைக்கூட வாய்விட்டுப் பாடிப் பார்த்ததில்லை. சுவருக்குக்கூடக் காது உண்டு என்று அவள் நம்பினாள்.

அப்படியிருக்க, ஒரு அக்டோபர் மாதச் செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து ஐந்து நாற்பது வண்டியில் வீட்டுக்குத் திரும்புகிறாள், ஓட்டுவது அப்பா, கடைசி இருக்கையில் அவள் ஒருத்திதான், வேறு பயணி யாருமில்லை. எஞ்சின் சத்தம் பெரிதாக இருந்தது, கடல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, கூழாங்கல் பாலம் தாண்டியதும் அவளுக்கு என்ன தைரியமோ, வாயைத் திறந்து பாடினாள். தொண்டை அதிர்ந்தது, மூச்சுப் போனது, நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. அவள் பயப்படவில்லை. என்னைப் போலத்தானே என் குரலும் இருக்கும் என்று அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. யாருக்கும் கேட்காது என்று ஆனபிறகு கூச்சம் எதற்கு? கடைசி நிறுத்தம் வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, மூன்று பாட்டு பாடி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை அதே ஐந்து நாற்பது வண்டியில், மீன் கூடையோடு ஒரு அம்மாளும், தபால்காரர் ஒருவரும், தூங்கி வழிகிற ஒரு பல் வைத்தியரும் இருந்தார்கள். பாலம் தாண்டியதும், கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. புதிதாகத் துவைத்த துணி மாதிரி, இன்னும் ஈரம் போகாத குரல்.

யாரோ மறந்த குடையே, உனக்கு
மழையின் நினைவு இருக்கிறதா?
நனைந்தவர் முகத்தைக் காட்டிலும் உனக்கு
நனையாத நாள் கனக்கிறதா?

பயணிகள் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி இருக்கையில் வாயை இறுக மூடிக்கொண்டு, காது சிவக்க, ஃபுயுமி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் அவளும் சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியாக, யார் பாடுவது என்று தேடுகிறவள் போலச் சாலையைப் பார்க்க ஆரம்பித்தாள். வீடு வரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு போனதில் அவளுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

பேருந்துக்குள் இருந்தவர்களுக்குப் பாட்டு முழுசாகக் கேட்டது. வெளியே இருந்தவர்களின் கதை வேறு. குரல் அவள் பாடின இடத்தில், அவள் பாடின அதே கடிகார நொடியில்தான் எழுந்தது. பேருந்தோ ஓடிக்கொண்டிருந்த பொருள். ஆகவே பாட்டு சாலை நெடுக ஒரு பாய் விரித்தது போலக் கிடந்தது. கடை வாசலில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்த மசுயோவுக்கு, "மழையின் நினைவு இருக்கிறதா" என்று காதருகே ஒரு கேள்வி மட்டும் கேட்டது. அவள் வானத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்று பதில் சொல்லிவிட்டுத் துண்டுகளை உள்ளே எடுத்துப் போனாள். கொஞ்சம் தள்ளி முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தவருக்கு "நனையாத நாள் கனக்கிறதா" மட்டும் கிடைத்தது. அவர் அன்று இரவு முழுக்கத் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரங்களில் ஊரின் பேச்சு முழுக்க இதுதான். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் ஆளுக்கொரு வரியைக் கொண்டுவந்தார்கள். மசுயோ அவற்றைச் சவர நுரையால் நிலைக்கண்ணாடியில் எழுதி, முன்னே பின்னே மாற்றிப் பார்த்து, பாட்டைப் பொருத்தினாள். வேர் என்ன, காரணம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எந்த இடத்தில் நின்றால் நல்ல வரி கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். புதிதாகக் காதலித்தவர்கள் ஏழாவது மின்கம்பத்தடியில் போய் நின்றார்கள். மாமியாரோடு சண்டை போட்டவர்கள் கால்வாய் முனைக்குப் போனார்கள், அங்கே கேட்கிற வரி ஆறுதலாக இருக்கும் என்று. முழுப் பாட்டும் வேண்டுமென்றால் ஒரே வழி, தொகுஸோவின் வண்டியில் ஏறுவது. மனிதர் ஒரு நொடி பிசகாமல் ஓட்டுகிறவர் என்பதால், செவ்வாய்க்கிழமை எந்த நொடியில் எந்தக் கம்பமோ கல்லோ தாண்டினாரோ, வெள்ளிக்கிழமையும் அதே நொடியில் அதையே தாண்டுவார். பாட்டு கடைசி இருக்கையை விட்டு நகராது.

பேருந்துக் கம்பெனி முறைப்படி ஒரு அறிவிப்பு ஒட்டியது. "மாலை 5:40 வண்டியில் பாடல் மூன்று நாள் தாமதமாக ஒலிக்கிறது. பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு ஆழ்ந்து வருந்துகிறோம்." அதற்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "சிரமம் ஒன்றுமில்லை."

சிரமம் வந்தது, ஆனால் வேறு விதமாக. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஐந்து நாற்பது வண்டியில் நிற்க இடமில்லை. குரல் கேட்காவிட்டாலும் வாயசைவை யாராவது பார்த்துவிடுவார்களே என்று ஃபுயுமி உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். வண்டி நிரம்பிய நாளிலிருந்து சரியாக மூன்றாம் நாள் பாட்டு நின்றுபோனது. முழுக் கூட்டத்தோடு பேருந்து பாலத்தைத் தாண்டியது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், எஞ்சின் மட்டும் பாடியது. அடுத்த நாளும் அப்படியே. ஊர் சோர்ந்துவிட்டது. மீன் கூடைக்கார அம்மாள், "உப்பு போடாம சமைச்ச மாதிரி இருக்கு சாயங்காலம்" என்றாள்.

மசுயோ விரல் விட்டு எண்ணினாள். கூட்டம் வந்த நாள், பாட்டு நின்ற நாள். பிறகு தான் ஒருமுறை ஒட்ட வெட்டிவிட்ட அந்தத் தலையை நினைத்துப் பார்த்தாள். போதும் என்று சொல்ல முடியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த விரல்களை நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு வீடாகப் போனாள்.

"திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் அஞ்சு நாப்பது வண்டில ஒருத்தரும் ஏறக் கூடாது. நடந்து போங்க, இல்ல முந்தின வண்டியப் பிடிங்க. வியாழன், வெள்ளி ஏறிக்கலாம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கக் கூடாது. அந்தப் பொண்ணப் பாத்து சிரிக்கவும் கூடாது. வழக்கம்போல இருங்க."

அப்படியே ஊர் இருந்தது. திங்களும் செவ்வாயும், குளிர்காற்று அடித்தாலும், முட்டிவலிக்காரர்கள்கூட மலைப்பாதையில் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். பேருந்து காலியாகப் பக்கத்தில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு முள்ளங்கி இலைகளை ஆராய்ந்தார்கள். ஃபுயுமியோ, கூட்டம் தானாகவே குறைந்துவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுப் பாடினாள். வியாழனும் வெள்ளியும் வண்டி நிரம்பியது, பாட்டு வந்தது, எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்கள், அவளும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒரு குளிர்காலம் முழுக்க இப்படி ஒரு ஊரே சேர்ந்து ஒருத்தியிடம் ஒன்றும் தெரியாதது போல நடித்தது. அவ்வளவு நன்றாக நடித்த ஊர் அந்தக் கடற்கரையில் வேறில்லை.

வசந்தத்தில் குசாகாபே வந்தார். மாவட்டத் தலைநகர் வானொலியில் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர், எப்போதும் ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்குகிறவர். ஒரு வியாழக்கிழமை வண்டியில் ஏறி, ஒலிப்பதிவுக் கருவியைக் கடைசி இருக்கையின் மேல் வைத்து, நான்கு பாட்டுப் பதிவு செய்துகொண்டு போனார். அது ஒலிபரப்பான வாரத்தில் வானொலி நிலையத்துக்குப் பதினொரு மூட்டைக் கடிதம் வந்ததாம். அடுத்த முறை அவர் நேராகப் பணிமனைக்கே வந்துவிட்டார். ஃபுயுமி வண்டி கழுவும் பெரிய சுழல் தூரிகைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"தொகுஸோ-சான், மே மாசம் ஞாயித்துக்கிழமை பெரிய மண்டபத்துல பாட்டு விழா. ரெண்டாயிரம் பேர் உக்காருற இடம். உங்க பொண்ணு வரணும்."

"அவளைத்தானே கேக்கணும்" என்றார் தொகுஸோ, தூரிகைகளைப் பார்த்து.

தூரிகைகள் சுழல ஆரம்பித்தன. ஆனால் ஃபுயுமியின் நெஞ்சில் வேறொன்று இடித்தது. உங்க பொண்ணு என்று அந்த ஆள் சொன்னபோது, அப்பா ஆச்சரியப்படவே இல்லையே!

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில், சூப்பிலிருந்து ஆவி எழும்ப, அவள் கேட்டாள். "அப்பா, உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"கண்ணாடின்னு ஒண்ணு இருக்கே, ஓட்டுறவனுக்கு முன்னால. செவ்வாய்க்கிழமை உன் வாய் அசைஞ்சுது. வெள்ளிக்கிழமை அதே இடத்துல சத்தம் வந்துது."

"அப்ப முதல் நாளே தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே." அவர் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார், எதையோ ஒப்புக்கொள்ளப் போகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிப்ரவரி ஒன்பதாந் தேதி பாலத்துல ஒரு நாய் குறுக்க வந்துது. ரெண்டு நொடி பிந்திட்டேன். பாட்டு முன்கண்ணாடியத் தாண்டி வெளில ஓடிடுச்சு. அழுத்தி ஓட்டிப் புடிச்சேன், ஆனா அதுக்குள்ள ஒரு வார்த்தை போயிடுச்சு. அதுக்கு உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப நாளா..."

அவர் தலையைக் குனிந்தார். ஃபுயுமி கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். ஒரு குளிர்காலம் முழுக்க, தான் தனியாகப் பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம், முன்னால் ஒரு மனிதர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, தன் குரலைக் கீழே சிந்தாமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "அது நல்ல வார்த்தையே இல்லப்பா" என்றாள். பிறகு, "நான் போறேன், விழாவுக்கு" என்றாள்.

ஏற்பாடு எளிதுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று இருபதுக்கு அவள் முறை என்றால், வியாழக்கிழமை மூன்று இருபதுக்குக் காலி மேடையில் பாடிவிட வேண்டியது. ஞாயிறன்று குரல் மேடையில் பாடும். அவள் கடைசி வரிசையில் யாரோ ஒருத்தியாக உட்கார்ந்து கேட்கலாம். ஃபுயுமிக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் வியாழக்கிழமை மண்டபம் காலியாக இல்லை. அவர்கள் ஊர்ச் சதுரங்கமான ஷோகிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இருநூற்று நாற்பது பேர், நூற்றிருபது பலகைகள், ஒரு தும்மல்கூட இல்லை. மண்டப மேலாளர், "சத்தம் வராதுன்னா பாடிக்கோங்க" என்றுவிட்டார். தொகுஸோ மேடை ஓரத்தில் கடிகாரத்தோடு நின்றார். விரல் காட்டினார். கிதார்கூட இல்லாமல், இருநூற்று நாற்பது உச்சந்தலைகளுக்கு முன்னால் அவள் பாடினாள். யாரும் நிமிரவில்லை. இரண்டாவது சரணத்தில், மூன்றாம் வரிசையில், அப்போதுதான் ஆட்டத்தில் தோற்றுப்போன ஒரு பெரியவர் நிமிர்ந்தார். மேடையில் ஒரு பெண் சத்தமில்லாமல் பாடுவதைக் கண்டார். கண்ணெடுக்காமல் கடைசிவரை பார்த்தார், முடிந்ததும் எழுந்து நின்று, மற்றவர்களுக்குத் தொந்தரவாகாமல், இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று படாமலே தட்டினார். ஃபுயுமி குனிந்து வணங்கினாள். வெளியே வந்த பிறகுதான், ஒரு மனிதர் தன்னை முழுசாகப் பார்த்திருக்கிறார், தான் செத்துப்போகவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கொஷிஹாமாவே மூன்றாம் எண் பேருந்தில் ஏறித் தலைநகருக்கு வந்தது. மசுயோ முதல்நாளே எல்லாத் தலைகளையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். மண்டபத்தில் இரண்டாயிரம் பேர். விழா நன்றாகத்தான் போனது, நடுவில் யாரோ ஒரு அமைச்சர் பேசியதைத் தவிர. அவர் பேசியதில் ஆறு நிமிஷம் கூடிப்போனது. ஆகவே மூன்று இருபதுக்கு மேடையில் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்து ஊதுகுழல் குழு. நாற்பது பிள்ளைகள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்க, நடுமேடையில், பெரிய முரசுக்கும் அதைவிடப் பெரிய கொம்புக்கும் இடையில், ஃபுயுமியின் குரல் எழுந்தது.

ஒரு பிள்ளை ஊதுவதை நிறுத்தியது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். அறிவிப்பாளர் ஓடி வந்து, "சிறு தவறு, மன்னிக்கவும், ஒலிபெருக்கியை நிறுத்துங்கள்" என்றார். நிறுத்தினார்கள். குரல் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், "யார் இது, அடுத்தவங்க நேரத்துல?" என்று ஒருவர் உரக்கவே கேட்டார். கடைசி வரிசையில் ஃபுயுமி தன் கோட்டின் கழுத்துப்பட்டைக்குள் முகத்தை இறக்கிக்கொண்டாள்.

அவள் பக்கத்திலிருந்த அப்பா எழுந்தார். ஒலிபெருக்கி தேவையில்லாத குரல் அவருடையது.

"மணி மூணு இருபது! பாட்டு சரியான நேரத்துக்கு வந்திருக்கு. விழாதான் ஆறு நிமிஷம் தாமதம்!"

அந்த நாட்டில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. அறிவிப்பாளரின் முகம் வெளுத்தது, இடுப்பு வளைந்தது. இரண்டாயிரம் தலைகள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. ஃபுயுமி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கத்தான் எழுந்தாள். ஆனால் எழுந்து நின்றபோது, தூரத்து மேடையில் தன் குரல் தனியாக நின்றுகொண்டிருப்பது, யாரும் அதற்குத் துணையில்லாமல் நாற்பது பிள்ளைகள் அதை வெறித்துப் பார்ப்பது அவள் கண்ணில் பட்டது. பாவம், அதுவும் என்னைப் போலத்தானே என்று தோன்றியது. பழக்கத்தில் கூடவே கொண்டுவந்து காலடியில் வைத்திருந்த கிதாரை எடுத்தாள். இரண்டாயிரம் பேர் நடுவே நடைபாதையில் இறங்கி நடந்தாள். "எம்மாடி, போ, போ" என்று எங்கேயோ மசுயோ சொல்வது கேட்டது. மேடையில் புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு சின்னப் பெண் தன் நாற்காலியைக் கொடுத்தாள். ஃபுயுமி உட்கார்ந்து, மூன்று நாள் முந்தைய தன் குரலுக்குக் கிதார் வாசித்தாள். யாரோ மறந்த குடையே. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கத்தினார்கள். மேடை ஓரத்தில் குசாகாபே இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார், முடியாது, வியாழக்கிழமை ஒன்றுதானே பாடியிருக்கிறாய் என்று. ஃபுயுமி அவரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கிதாரை மடியில் சரி செய்துகொண்டாள். குசாகாபே தலையில் கை வைத்துக்கொண்டு ஒலிவாங்கி முன்னால் ஓடி வந்து, "இது புதன்கிழமைதான் கேக்கும், மூணு முப்பத்தொண்ணுக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பாட ஆரம்பித்துவிட்டாள்.

கிதார் ஒலித்தது, உதடுகள் அசைந்தன. நான்கு நிமிஷம் இரண்டாயிரம் பேர் ஒரு பெண் பாடுவதைப் பார்த்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை. கண்ணை எங்கே மூடுகிறாள், எங்கே புருவம் உயர்த்துகிறாள், எங்கே மூச்சை விழுங்குகிறாள் என்று, காதுக்குக் கிடைக்காததையெல்லாம் கண்ணால் எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை அந்த மண்டபத்தில் இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஃபுயுமி போனாள். வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. கேட்க வந்த இரண்டாயிரம் பேரும், வந்ததற்கு மரியாதையாக, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏழாவது வரிசையில் இடம் பிடித்தாள். மூன்று முப்பத்தொன்று.

வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்,
செருப்பைக் கழற்றத் தயக்கம்.
உள்ளே இருப்பவர் யாரோ, அவருக்கும்
கதவைத் திறக்கத் தயக்கம்.

ஞாயிறன்று விழாவுக்கு வராத பக்கத்து இருக்கை அம்மாள், ஃபுயுமி இருக்கையில் நெளிவதைப் பார்த்து, "கொஞ்சம் சும்மா இரும்மா, பாட்டு வருது" என்று அதட்டினாள். ஃபுயுமி சும்மா இருந்தாள். இரண்டாவது சரணத்தில் தன்னை அறியாமல், அந்தப் பாட்டுக்குக் கீழே ஓடுகிற இன்னொரு மெட்டில், சேர்ந்து பாடினாள். அம்மாள் அவள் உதட்டைப் பார்த்தாள். "உனக்கும் இந்தப் பாட்டு தெரியுமா?"

"கொஞ்சம்" என்றாள் ஃபுயுமி.

அன்றைக்கு எல்லோருடைய இரத்த அழுத்தமும் பத்துப் புள்ளி குறைந்திருந்ததாக நர்சுகள் எழுதி வைத்தார்கள்.

திரும்பும்போது பேருந்தில் அவள் அப்பாவின் தோளருகே குனிந்தாள். "அப்பா, நான் இன்னைக்கும் பாடிட்டேன். கீழ்க்குரல் மட்டும். மேல்குரல் முடிஞ்சுபோச்சு, அது இனிமே வராது. சனிக்கிழமை இது மட்டும் தனியா வரும்."

"பாதிப் பாட்டா?" தொகுஸோ வளைவில் வண்டியைத் திருப்பினார். "வரட்டும். வந்துட்டுப் போகட்டும்." சொன்னவர், ஒலிவாங்கியை எடுத்து வண்டி முழுக்க அதை அறிவித்தும் விட்டார்.

பின்னாளில் அவள் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் பாடினாள், அவள் இசைத்தட்டுகள் வீடுதோறும் சுழன்றன, அவள் கச்சேரிச் சீட்டுகள் பார்க்கும் நாளுக்கு ஒரு பாதி, கேட்கும் நாளுக்கு ஒரு பாதி என்று நடுவில் கிழிக்கும்படி அச்சாயின, பார்க்கும் நாள்தான் உசத்தி என்பவர்களும் கேட்கும் நாள்தான் உசத்தி என்பவர்களும் தேநீர்க்கடைகளில் சண்டை போட்டுக்கொண்டார்கள். இதெல்லாம் பத்திரிகைகளில் வந்ததுதான். பத்திரிகைகளில் அவ்வளவாக வராதது அந்தச் சனிக்கிழமை.

வானொலி இரண்டு நாளாக அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்ததால், அதற்குள் தலைநகருக்கே மெட்டு மனப்பாடம். மண்டபம் நிரம்பிவிட்டது. இந்த முறை ஃபுயுமி யாரும் சொல்லாமலே மேடையில், நடுவில், கிதாரோடு நின்றாள். பாதியாக வரப்போகிற பாட்டுக்காக முன்கூட்டியே வருத்தம் தெரிவித்துக் குனிந்தாள். முதல் சரணத்துக்குக் கிதார் மட்டும். பிறகு ஏழாவது வரிசையிலிருந்து அந்தக் கீழ்க்குரல் எழுந்தது. தாழ்வாக, சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாதது போல, தட்டுத் தடுமாறி வந்தது. மேலே ஏதோ ஒன்று இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது. எல்லோரும் மடியைப் பார்த்தார்கள். கூட்டத்தில் முதல் ஆளாக வாய் திறக்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

பல்லவி திரும்பி வந்தபோது, வாசல் வரைக்கும், என்று ஒரு உடைந்த குரல் கேட்டது. மசுயோ. சுருதி என்பதே கிடையாது அவளிடம். வந்துவிட்டேன், என்றார் அவள் பக்கத்திலிருந்த முள்ளங்கித் தோட்டக்காரர். பின்னாலிருந்து பல் வைத்தியர் சேர்ந்தார். புதன்கிழமை அதட்டின அம்மாள் சேர்ந்தாள். பிறகு யார் எப்போது சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. வாழ்நாளில் குளியலறையில்கூடப் பாடியிராத வங்கிக்காரர்களும் நர்சுகளும் பள்ளிக்கூட வாத்தியார்களும், காது சிவக்க, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒற்றைக் குரல் தனியாக நின்றுவிடக் கூடாதே என்று, அதற்கு மேலே அந்தப் பாட்டைப் பாடினார்கள். இரண்டாயிரம் மேல்குரல், ஒரு கீழ்க்குரல். மேடையில் ஃபுயுமியின் விரல்கள் தந்திகளில் தாமாகவே ஓடின, அவள் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

பாட்டு முடிந்தது. தாங்கள் செய்துவிட்டதை நினைத்து எல்லோரும் வெட்கப்பட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் இருந்தார்கள். அந்த அமைதியில் ஃபுயுமி ஒலிவாங்கிக்கு அருகே வந்தாள். அது உயரமாக இருந்தது, இறக்கிக்கொண்டாள்.

"இப்ப புதுசா ஒண்ணு பாடப் போறேன்" என்றாள். சின்னக் குரல்தான், ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கேக்கும். எல்லாரும் வாங்க."

இரண்டாயிரம் பேர் பைக்குள் கைவிட்டுத் தங்கள் நாட்குறிப்பேடுகளை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமையைத் தேடி அவர்கள் தாள் புரட்டின சத்தம், மண்டபத்துக் கூரையின் மேல் நல்ல மழை பிடித்துக்கொண்டதோ என்று வெளியே நின்ற காவலாளியை அண்ணாந்து பார்க்க வைத்தது.